சோறு தொடுகறியான கதை

உடல் எடையைக் குறைக்க இரைப்பையில் செய்யும் பைபாஸ் அறுவை சிகிச்சை முடிந்து நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனையில் என் கையில் கொடுத்த உணவுத் தாளில் இட்லி என்ற சொல்லே இல்லை. தாலியா என்னும் கோதுமை ரவைக் கஞ்சி இருந்தது, மூங் தால் பானி என்னும் பாசிப்பருப்பு நீர் இருந்தது, சாபுதானா என்னும் ஜவ்வரிசி இப்போதைக்கு வேண்டாம் என்ற எச்சரிக்கை இருந்தது, எந்த வாரத்தில் போஹா என்னும் அவல் சாப்பிடலாம் என்பதுகூட இருந்தது. ரசம், மோர், இட்லி, அடை, சொதி என்று நான் பிறந்ததிலிருந்து சாப்பிட்டு வளர்ந்த எதைப் பற்றியும் ஒரு வரி இல்லை. தாராவியில் பிறந்து செம்பூருக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். இரண்டு தலைமுறையாக மும்பையில் இருந்தும் எங்கள் வீட்டு அடுப்படி இன்னும் திருநெல்வேலியில்தான் இருக்கிறது. அந்தத் தாளை எங்கள் அடுப்படிக்குப் பொருந்துமாறு மாற்றிக்கொள்ள எனக்கு ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. இதே அறுவை செய்துகொண்டு இதே குழப்பத்தில் இருக்கும் உறவுக்காரப் பெண்கள் இரண்டு பேர் சென்ற மாதம் தொலைபேசியில் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். ஒவ்வொருவரின் உடலும் அறுவையும் வேறு என்பதால் கால அளவுகளை அவரவர் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

2023 பிப்ரவரியில் அறுவைக்குப் போனபோது என் உயரம் 158 சென்டிமீட்டர், எடை 112 கிலோ, சர்க்கரை நோய்க்கு வயது பதினொன்று. எனக்குச் செய்தது ரூ-என்-ஒய் பைபாஸ். இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையை மட்டும் பிரித்தெடுத்து, சிறுகுடலைக் கீழிருந்து மேலே கொண்டுவந்து அந்தப் பையோடு நேராக இணைத்துவிடுகிறார்கள். மீதி இரைப்பையை வெளியே எடுப்பதில்லை. அது உள்ளேயே இருந்து செரிமான நீரைச் சுரந்து, குடலில் இன்னும் கீழே ஓரிடத்தில் உணவோடு கலக்க விடுகிறது. என் சித்தப்பா மகள் செய்துகொண்டது ஸ்லீவ் என்னும் வேறு முறை. அதில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிட்டு வாழைப்பழம் போல வளைந்த ஒரு குழாயை மட்டும் விட்டுவைக்கிறார்கள். இந்த வேறுபாட்டை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவளுக்கு ஒத்துக்கொண்ட சில பண்டங்கள் என்னைப் படுக்கவைத்தன. அவளுக்கு நெஞ்செரிச்சல் தந்த சிலவற்றை நான் ஒன்றும் தெரியாமல் சாப்பிட்டேன்.

முதல் இரண்டு வாரம் வெறும் நீராகாரம். தையல் போட்ட இடம் ஆறும்வரை அதன்மேல் எந்தப் பாரமும் விழக் கூடாது என்பதுதான் இதன் நோக்கம். மருத்துவமனையில் தந்த பிளாஸ்டிக் குப்பி 30 மில்லி பிடிக்கும். அதைப் பதினைந்து நிமிடத்துக்குச் சிறுகச் சிறுகக் குடிக்க வேண்டும், உறிஞ்சுகுழல் வைத்தால் காற்றும் சேர்ந்து உள்ளே போகும் என்பதால் அதுவும் கூடாது. என் மாமியார் மூன்றாம் நாள் அந்தக் குப்பியை வாங்கித் தூர வைத்துவிட்டு, பரணிலிருந்து என் கணவருக்குப் பிள்ளைப் பருவத்தில் பால் புகட்டிய வெள்ளிப் பாலாடையை எடுத்துத் துலக்கிக் கொண்டுவந்தார். நாற்பத்தாறு வயதில் பாலாடையில் ரசம் குடித்தேன். அதற்கு முன் ரசம் குடிக்கலாமா என்று டயட்டீஷியனிடம் கேட்டபோது அந்த மராட்டியப் பெண்ணுக்கு முதலில் விளங்கவில்லை. புளியும் தக்காளியும் மிளகும் சீரகமும் என்று விவரித்த பிறகு, "அது எங்கள் மராட்டிய ரசமான சார்தானே, வடிகட்டி, காரம் இல்லாமல், வெதுவெதுப்பாகக் குடியுங்கள்" என்று சிரித்தார். அன்றிலிருந்து இருவரும் ஒரு வழி கண்டுபிடித்தோம். நான் எங்கள் பண்டத்தைச் சொல்வேன், அவர் மராட்டியச் சமையலில் அதற்கு ஒரு தம்பியையோ தங்கையையோ தேடிப்பிடித்து, எந்த வாரத்தில் சேரும் என்று சொல்வார்.

மசித்த உணவுக்கு மாறிய மூன்றாவது வாரத்தில்தான் நாள் ஒன்றுக்கு 60 கிராம் புரதம் என்ற கணக்கு என் கழுத்தை நெரிக்கத் தொடங்கியது. வயிறு கொள்வதோ நான்கைந்து தேக்கரண்டி. பருப்பை மசித்துக் குடித்தால் அதில் புரதத்தைவிட மாவுச்சத்துதான் அதிகம். மோரில் புரதப் பொடியைக் கலந்தால் வாசனை குமட்டியது. முட்டையின் வாடை அப்போது எனக்கு அறவே ஆகவில்லை. அறுவைக்குப் பிறகு நாக்கும் மூக்கும் சில மாதங்கள் இப்படித் தடுமாறும் என்றார்கள். அந்த நெருக்கடியிலிருந்து என்னைக் காப்பாற்றியது பொம்பில் மீன். வெளியூர்க்காரர்கள் இதைக் கருவாடாகத்தான் பார்த்திருப்பார்கள். பச்சைப் பொம்பில் கையில் எடுத்தால் வழுக்கும் அளவுக்கு நீரும் மென்மையும் கொண்டது, முள்கூட மெலிந்து வளையும். மும்பைக்காரர்கள் ரவை புரட்டிப் பொரித்துத்தான் சாப்பிடுவார்கள். நாங்கள் அதை மஞ்சளும் உப்பும் போட்டு ஆவியில் வேகவைத்து, நடுமுள்ளை உருவி எடுத்துவிட்டுக் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினோம். மிக்சியே தேவைப்படவில்லை, தயிர்போலக் குழைந்துவிட்டது. வழக்கமாக மீன் தரும் கோளி மீனவச் சமூகத்து அம்மா, இந்த வீட்டில் வஞ்சிரமும் வாவலும் வாங்குவதை நிறுத்திவிட்டுத் தினமும் இரண்டு பொம்பில் மட்டும் வாங்குவதைப் பார்த்து, வீட்டில் கைக்குழந்தையா என்று கேட்டார். ஒரு வகையில் அது சரிதான்.

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் அறுவை பிப்ரவரியில் நடந்ததால் தடை வருவதற்குள் முட்டையும் பனீரும் பழகிவிட்டன.

இட்லிக்கு ஐந்தாவது வாரத்தில் அனுமதி கிடைத்தது. எனக்கு அது பண்டிகை நாள். குளித்து, தலை துவட்டி, மேசையில் உட்கார்ந்து, ஒரே ஒரு இட்லியில் பாதியைச் சின்னத் தட்டில் வைத்துக்கொண்டேன். பாதி இட்லியைச் சாப்பிட இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று, பிறகு மதியம்வரை வேறு எதற்கும் இடமில்லை. அன்று மாலைதான் கணக்குப் பார்த்தேன். ஒரு சாதாரண இட்லியில் சுமார் 2 கிராம் புரதம் இருந்தாலே அதிகம். அப்படியானால் அந்தக் காலை வேளை முழுவதையும் ஒரு கிராமுக்காகச் செலவழித்திருக்கிறேன். நோயாளிக்கு இட்லியைவிட நல்ல உணவு இல்லை என்று நம்பிய குடும்பத்தில் இதைச் சொன்னால் யாரும் ஏற்கவில்லை. இட்லி எளிதில் செரிக்கும் என்பது உண்மைதான், ஆனால் எனக்குக் கிடைத்த சிறு இடத்துக்கு அது வாடகை தரவில்லை. அதனால் மாவையே மாற்றினோம். நாலுக்கு ஒன்று என்று போட்ட அரிசியில் பாதியைக் குறைத்து அந்த இடத்தில் பாசிப்பருப்பைச் சேர்த்தோம். கொஞ்சம் தட்டையாக, நிறம் மங்கலாக வந்தது, ஆனால் இட்லி மணம் போகவில்லை. தொட்டுக்கொள்ளச் சட்னிக்குப் பதில் கெட்டிச் சாம்பார், அதற்கும் முன்னால் ஒரு முட்டையின் வெள்ளைக் கரு. முட்டையை முடித்த பிறகுதான் இட்லியைத் தொட வேண்டும் என்பதை டயட்டீஷியன் சொல்லித் தந்தபோது அது வெறும் கட்டுப்பாடாகத்தான் எனக்குத் தெரிந்தது.

காப்பியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதம் அது இல்லாமல் இருந்தேன், தலைவலித்தது, பிறகு வலிக்கவில்லை. திரும்பி வந்தபோது சர்க்கரை இல்லாமல் அரை டவரா. இரும்புச்சத்து மாத்திரைக்கும் காப்பிக்கும் ஆகாது என்பதால் இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரம் விடுகிறேன். மற்ற எல்லாவற்றையும்விடக் காப்பிதான் பழைய முகத்தோடு திரும்பி வந்தது.

இனி சோற்றுக்கு வருகிறேன். மே மாதம், அறுவை முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது, தாராவியில் பெரியம்மா வீட்டில் அவர் பேத்திக்கு வளைகாப்பு. கலந்த சோறு ஐந்து வகை. அதுவரை நான் சோற்றைத் தொட்டதில்லை. தொடலாம், ஆனால் நன்றாகக் குழைந்ததாக, இரண்டு தேக்கரண்டிக்கு மேல் போகாமல் என்று அந்த வாரம்தான் அனுமதி தந்திருந்தார்கள். "வளைகாப்புச் சோறு, வேண்டாம்னு சொல்லக் கூடாதுட்டி, ரெண்டு வாய் சாப்பிடு" என்று பெரியம்மா இலையில் புளிச்சோற்றை வைத்தார். உதிரி உதிரியாக, நல்லெண்ணெய் மினுமினுக்க, வறுத்த நிலக்கடலையோடு, ஆறிப்போன புளிச்சோறு. கையால் உருட்டி வாயில் போட்டேன். மூன்று மாதமாகக் கரண்டியிலேயே சாப்பிட்டுப் பழகியவளுக்கு விரல்களில் எண்ணெய் பட்டதும் மூளை பழைய இடத்துக்குப் போய்விட்டது, மெல்வதை மறந்தேன். இரண்டாவது வாயோடு நெஞ்சுக்கூட்டின் நடுவில் ஒரு கல் உட்கார்ந்தது. வலி என்று சொல்ல முடியாது, முஷ்டியை வைத்து உள்ளிருந்து அழுத்துவதுபோல இருந்தது. வாயில் எச்சில் ஊறத் தொடங்கியது, ஊறியது நுரையாகத் திரண்டது, விழுங்கினால் இறங்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் கொடுக்க, அதை ஒரு மிடறு குடித்ததுதான் நான் செய்த பெரிய தவறு. அடைபட்ட குழாயின்மேல் வாளி நீரை ஊற்றியதுபோல ஆயிற்று. அந்த வீட்டில் குளியலறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. முக்கால் மணி நேரம் அங்கே சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். வெளியே பெண்கள் நலுங்குப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் சில பருக்கைகளும் ஒரு முழு நிலக்கடலையும் வெளியே வந்த பிறகு மூச்சு சீரானது.

பையிலிருந்து குடலுக்கு இறங்கும் வாய் விரல் நுனி அளவுதான் இருக்கும். ஆறிய சோறு இறுகி, பருக்கை பருக்கையாக நின்று, சரியாக மெல்லாமல் போனால் ஒன்றோடொன்று சேர்ந்து அந்த வாயில் உட்கார்ந்துவிடுகிறது. மறுநாள் டயட்டீஷியன் திட்டவில்லை. எத்தனை முறை மென்றீர்கள் என்று மட்டும் கேட்டார். நான் எண்ணவில்லை என்றேன். "எண்ணுங்கள்" என்றார். அடுத்த வாரம் ரசம் விட்டுக் கரைத்துச் சாப்பிட்டுப் பார்த்தேன். சுகமாக இறங்கியது. அதற்கும் அவர் தடை சொன்னார். உணவோடு நீர் சேர்ந்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும், வயிறு நிறைந்த உணர்வே வராது, ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும், ஆகவே சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் எதையும் குடிக்க வேண்டும் என்ற விதி ரசத்துக்கும் மோருக்கும் உண்டு என்றார். தமிழ்ச் சாப்பாட்டின் முடிவையே அறுத்து எடுப்பதுபோல இருந்தது எனக்கு. சோற்றில் குழம்பு, பிறகு ரசம், பிறகு மோர் என்று நீர்மையை நோக்கிப் போகிற சாப்பாடு நம்முடையது. அந்த வரிசை இனி எனக்கு இல்லை.

அன்று இரவு தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் ஒன்று விளங்கியது. எங்கள் வீட்டில் தட்டு நிறைய சோறு இருக்கும், மீனோ முட்டையோ பயறோ அதன் ஓரத்தில் தொடுகறியாக இருக்கும். தட்டு சின்னதாகும்போது நாம் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் குறைக்கிறோம்; ஒரு பிடி சோறு, விரல்கடை அளவு மீன். அந்த ஒரு பிடி சோறே என் வயிற்றை நிறைத்துவிடும், மீனுக்கு இடம் இருக்காது. எனவே நான் பெயர்களை மாற்றினேன். இரண்டு துண்டு மீன் என் சாப்பாடு, கீரையோ பூசணியோ அதற்கு அடுத்தது, சோறு தொடுகறி. பருப்போடும் சொட்டு நெய்யோடும் குழைத்த இரண்டு தேக்கரண்டிச் சோற்றைக் கடைசியில், இடம் இருந்தால் மட்டும், மீனுக்குத் தொட்டுக்கொள்கிறேன். என் மாமியார் முதலில் இதைக் கேட்டு, "ஏட்டி, கோழி கொத்துற மாதிரி கொத்துதியே, சோறு திங்காம உடம்பு எப்படித் தேறும்?" என்றார். இப்போது எனக்குப் பரிமாறும்போது அவரே, "தொடுகறி வைக்கட்டா?" என்று கேட்டுச் சோற்றுக் கரண்டியை எடுக்கிறார்.

சோற்றைப் போல மற்றவற்றையும் ஒவ்வொன்றாகத்தான் சேர்த்தேன். ஒரு புதிய பண்டம், மூன்று நாள், ஒரு நோட்டு. ஒரே நாளில் இரண்டு புதியவற்றைச் சாப்பிட்டால் எது வம்பு செய்தது என்று தெரியாது. தோசையில் எனக்கு ஒரு வியப்பு காத்திருந்தது: மெத்தென்ற ஊத்தப்பம் அடைத்துக்கொண்டது, முறுகலான தோசையின் ஓரம் சுகமாகப் போனது. மென்மையான மாவுப் பண்டங்கள் எச்சிலோடு சேர்ந்து மறுபடி பிசைந்த மாவாகத் திரள்கின்றன, முறுகியது தூளாகிறது. இதே காரணத்தால்தான் வடா பாவில் எனக்குப் பாவ் ஆகாது. சி.எஸ்.எம்.டி ரயில் நிலையத்தில் ஹார்பர் லைன் வண்டிக்குக் காத்திருக்கும்போது பதினைந்து ஆண்டு என் மாலைச் சிற்றுண்டி அதுதான். வடையை மட்டும் தனியாக வாங்கிப் பாதி தின்று பார்த்தேன். பூண்டுச் சட்னிப் பொடி ஒட்டிய அந்த உருளைக்கிழங்கு பாவ் இல்லாமல் அனாதையாக இருந்தது, நான் அதைவிட்டுவிட்டேன். அடை நன்றாக ஒத்துக்கொண்டது. நான்கு பருப்பு அரைத்து மெலிதாக வார்த்தால் புரதத்துக்கும் பழுதில்லை. பரோட்டாவை ஓராண்டு கழித்து இரண்டு முறை முயன்றேன், இரண்டு முறையும் நோட்டில் சிவப்பு மையில் எழுத நேர்ந்தது.

இறைச்சியில் ஆட்டுக்கறித் துண்டை இன்றுவரை என்னால் மென்று முடிக்க முடியவில்லை, நார் வாயிலேயே பஞ்சாக நின்றுவிடுகிறது. கொத்துக்கறியாகச் செய்தால் சிக்கல் இல்லை. கோழியில் நெஞ்சுக்கறி வறண்டு அடைக்கும், தொடைக்கறி குழம்போடு வெந்தால் போகும். முருங்கைக்காயை மெல்லாமல் சதையை மட்டும் பல்லால் வழித்துக்கொண்டு சக்கையைத் துப்புவது நமக்குப் பிறவிப் பழக்கம் என்பதால் தப்பித்தேன். வாழைத்தண்டை ஆறு மாதம் தொடவில்லை, நார் உள்ளே உருண்டையாகச் சேர்ந்து அடைத்துக்கொள்ளும் அபாயம் இந்த அறுவைக்குப் பிறகு உண்டு என்று எச்சரித்திருந்தார்கள்.

இனிப்பைப் பற்றி நான் படித்திருந்தேன், கேட்டிருந்தேன், ஆனாலும் அல்வா வந்தது. அந்த ஆண்டு தீபாவளிக்கு ஊரிலிருந்து வந்தவர் கொடுத்த திருநெல்வேலி அல்வாவை மாமியார் வாழையிலைக் கீற்றில் எடுத்து வைத்தபோது, ஒன்பது மாதம் எதையும் மீறாதவளுக்கு ஒரு விள்ளல் உரிமை உண்டு என்று எனக்குத் தோன்றியது. விள்ளல் என்பது என் கணக்கில் மூன்று விள்ளலாயிற்று, அதுவும் வெறும் வயிற்றில். கால் மணி நேரத்துக்குள் நெஞ்சு படபடக்கத் தொடங்கியது. காதுக்குப் பின்னால் வியர்த்தது, பிறகு முதுகு முழுவதும் நனைந்தது, வயிற்றைப் பிசைந்தது, எழுந்து நிற்க முடியாமல் கூடத்துத் தரையிலேயே படுத்துவிட்டேன். வாசலில் பிள்ளைகள் வெடித்த சரம் என் மண்டைக்குள் வெடித்தது. இதற்கு டம்ப்பிங் என்று பெயர். இரைப்பையில் தங்கிச் சிறுகச் சிறுக இறங்க வேண்டிய சர்க்கரை மொத்தமும் ஒரே வீச்சில் சிறுகுடலில் போய் விழுவதால், அதைக் கரைக்க உடல் ரத்தத்திலிருந்து நீரைக் குடலுக்குள் இழுக்கிறது. எழுந்து உட்கார்ந்து, தப்பித்தோம் என்று நினைத்து இரண்டு மணி நேரம் கழித்துக் கை நடுங்கியது. சர்க்கரையைச் சோதித்தால் 58. ஏறிய சர்க்கரையைக் கண்டு உடல் அளவுக்கு மீறி இன்சுலினைச் சுரந்துவிட, அது சர்க்கரையைக் கீழே தள்ளிவிடும் இரண்டாவது அலை அது. பதினொரு ஆண்டு சர்க்கரை ஏறுவதற்குப் பயந்தவள் அன்று அது இறங்கியதற்காகக் குளுக்கோஸ் கரைத்துக் குடித்தேன். ஸ்லீவ் செய்துகொண்ட சித்தப்பா மகள் அதே அல்வாவை நெல்லிக்காய் அளவு சாப்பிட்டுவிட்டு ஒன்றும் ஆகாமல் கோலத்தில் விளக்கு வைத்துக்கொண்டிருந்தாள்.

ஹாப்பூஸ் மாம்பழத்தை அதனால் மிகுந்த அச்சத்தோடு அணுகினேன். முதல் ஆண்டுப் பருவம் முழுவதும் ரத்னகிரிப் பெட்டிகள் தெருமுனையில் அடுக்கியிருந்ததைப் பார்த்துக்கொண்டு நடந்ததோடு சரி. அடுத்த ஆண்டு ஏப்ரலில், பனீரும் காய்களும் சாப்பிட்டு முடித்த பிறகு, இரண்டு மெல்லிய கீற்று. படபடப்பு இல்லை. வெறும் வயிற்றில் ஆகாத இனிப்பு, புரதத்தின் பின்னால் போனால் மெதுவாக இறங்குகிறது. அந்த வேனிலில் மொத்தம் மூன்று பழம் சாப்பிட்டேன். முன்பெல்லாம் ஒரு மதியத்தின் கணக்கு அது.

ஓராண்டு தாண்டியவர்களுக்கு வேறொரு எச்சரிக்கை. அடைக்கிற பண்டத்தைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். நான் பயப்படுவது சுகமாக இறங்குவதைப் பார்த்துத்தான். மிக்சர், முறுக்கு, சேவ், பிஸ்கட் எல்லாம் வாயிலேயே தூளாகி, பையில் நிற்காமல் ஓடிவிடும். மீன் மூன்று துண்டோடு போதும் என்று நிறுத்தச் சொல்லும் அதே வயிறு, டப்பாவில் கைவிட்டுக்கொண்டே இருந்தால் கால் கிலோ மிக்சரையும் தடுக்காது. பதினாறாவது மாதத்தில் என் எடை இறங்குவது நின்று இரண்டு கிலோ ஏறியபோது, அலுவலக மேசை இழுப்பறையில் இருந்த மிக்சர்ப் பொட்டலத்தின்மேல் பழி சொல்ல எனக்கு ஒரு வாரம் மனம் வரவில்லை. பசி அதற்குள் திரும்பி வந்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்; முதல் ஆண்டில் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சாப்பிட்டேன், இரண்டாம் ஆண்டில் வயிறே நேரத்தைச் சொல்லியது.

மாத்திரைகள் வாழ்நாள் முழுவதும் உண்டு. பி12, இரும்பு, வைட்டமின் டி, கால்சியம். பையில் அமிலம் குறைவு என்பதால் கால்சியத்தில் சிட்ரேட் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும், அதையும் இரும்பையும் ஒன்றாக விழுங்கக் கூடாது. நான்காம் மாதம் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்து, பத்தாம் மாதம் நெற்றியோரம் குச்சி குச்சியாக முளைத்தது. பிடித்த பண்டமெல்லாம் திரும்பிவிட்டது என்று ரத்தப் பரிசோதனையை நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவருக்குக் கால் மரத்துப்போய்த்தான் பி12 குறைந்தது தெரிந்தது.

வெளியே சாப்பிடுவதில் வயிற்றைவிடச் சுற்றியிருப்பவர்கள்தான் சிரமம். மாட்டுங்காவில் ஞாயிற்றுக்கிழமைக் காலை அரை மணி நேரம் வரிசையில் நின்று இடம் பிடித்து, ஒரு ரவா தோசையில் கால் பங்கைத் தின்றுவிட்டு நிறுத்தினால், பரிமாறுகிறவர் முகம் வாடிவிடும். சரியில்லையா அம்மா, மாற்றித் தரட்டுமா என்று கேட்பார். இப்போது உட்கார்ந்ததுமே, எனக்கு ஒரு காலித் தட்டு போதும், அவர் தட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறேன் என்று கணவரைக் காட்டிவிடுகிறேன். அவருக்குத்தான் இரண்டு ஆண்டில் நான்கு கிலோ கூடியிருக்கிறது.

சென்ற தை மாதம் என் நாத்தனார் மகள் திருமணம் முடிந்து மறுவீட்டுச் சாப்பாடு செம்பூரிலேயே நடந்தது. மறுவீடு என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொதிதான். தேங்காய்ப்பால் பிழிந்து, பாசிப்பருப்பும் காய்களும் போட்டு, இஞ்சிப் பச்சடியோடும் உருளைக்கிழங்கு வறுவலோடும். நோட்டில் நான் இன்னும் எழுதாமல் வைத்திருந்த பெயர் அது ஒன்றுதான். தேங்காய்ப்பாலின் கொழுப்பு என்ன செய்யுமோ என்ற பயமும், செய்துவிட்டால் அதையும் சிவப்பு மையில் எழுத வேண்டுமே என்ற பயமும் சேர்ந்து தள்ளிப்போட்டிருந்தேன். பந்தியில் உட்கார்ந்ததும் இலையில் சோறு வைக்க வந்தவரைத் தடுத்து, அவித்த முட்டை இரண்டை முதலில் வாங்கி மென்று முடித்தேன். பிறகு சொதி வாளியோடு வந்த தம்பியிடம் இலையில் வேண்டாம், இதில் ஊற்றுங்கள் என்று டம்ளரை நீட்டினேன். திருநெல்வேலியிலிருந்து சமையல்காரரோடு வந்த பையன், இருபது வயதுகூட இருக்காது. கரண்டியைப் பாதியில் நிறுத்தி என்னையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது சொதி. பாயசம்னு நெனச்சியளா?" என்றான். தெரியும், கால் டம்ளர் மட்டும் ஊற்று என்றேன். இருபது நிமிடம் வைத்துக் குடித்தேன். அடுத்த பந்திக்கு இலை போட வந்தவர்கள் நான் எழுந்திருப்பதற்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள்.